மூடிக்குள்ள இருந்த வெள்ளை

மஞ்சூர் ரோட்டுல பாலாமணி ஷெட்டுன்னா தெரியாதவங்க இல்லை. எஸ்டேட் தேயிலை லாரியில கிளீனரா ஏறி, ஸ்பேனர் பிடிக்கக் கத்துக்கிட்டு, சொந்தமா ஷெட்டு போட்டவள். ஜீப்பு, லாரி எல்லாம் அவள் கைக்கு அடங்கும். பெரிய காரு மட்டும் ஒண்ணுகூட வந்ததில்லை. எதிர் டீக்கடையில "ஜீப்பு டாக்டரம்மா"ன்னு கேலி பண்ணுவாங்க.

அன்னைக்கு வந்துச்சு பாருங்க, கன்னங்கரேல்னு ஒரு காரு, ஏத்தத்துல கொதிச்சுப் போய். இறங்கினவர் கமலேஷ், கோயம்புத்தூர்க்காரர். பத்து நாளா பிக்கட்டி பங்களாவுல தங்கியிருக்கிறவர்.

"மூணு லிட்டர் பெட்ரோல் எஞ்சினுங்க. ஆறு சிலிண்டர், ரெண்டு டர்போ. நீங்க தொட வேண்டாம், தண்ணி மட்டும் குடுங்க."

"குடிக்கவா, ஊத்தவா? ஊத்தறதுன்னா ஆறட்டுங்க. இப்பத் தெறந்தா மூஞ்சி வெந்துரும்."

ஆறினதும் கமலேஷ் போனைப் போட, கார் கம்பெனிக்காரர் வீடியோவுல பாத்தார். ஆயில் மூடிக்கு அடியில தயிராட்டம் வெள்ளை. "ஹெட் கேஸ்கெட் போச்சு சார். ஆயில்ல தண்ணி கலந்துருச்சு. எஞ்சினைப் பிரிக்கணும், லாரி அனுப்பறோம்."

பாலாமணி ஆயில் அளக்கற டிப்ஸ்டிக்கை உருவிப் பாத்தாள். ஆயில்ல வெள்ளையே இல்லை.

"கேஸ்கெட் இல்லீங்க. தண்ணி கலந்திருந்தா உள்ள ஆயிலே வெளுத்திருக்கும்; கொதிச்சதுக்குக் காரணம் வேற. இந்தக் குளிர்ல பங்களாவுக்கும் கடைக்குமா பக்கத்துலயே ஓட்டினா எஞ்சின் சரியா சூடேறாது. மிஸ்ட்டுப் பனியோட ஈரம் மூடியில இப்படித்தான் ஒட்டிக்கும்."

"அது கம்பெனிக்குத் தெரியாதுங்களா?"

"அவங்க ஊர்ல மிஸ்ட்டு ஏதுங்க? லாரி வர்ற வரைக்கும் என்கிட்ட விடுங்க. நான் சொன்னது தப்புன்னா, இனி ஜீப்பைத் தவிர ஒண்ணையும் தொட மாட்டேன்."

டீக்கடை மொத்தமும் கேக்கற மாதிரி சொல்லிட்டாள். இனி வார்த்தையைத் திருப்பி வாங்க முடியுமா?

டார்ச்சும் மூக்கும்தான் துணை. எஞ்சினுக்குப் பின்னால இனிப்பா, எஞ்சினைக் குளுர வைக்கிற கூலண்ட் தண்ணி வாடை. அங்க பிளாஸ்டிக் குழாய்க் கழுத்துல மயிராட்டம் ஒரு விரிசல், சுத்தியும் உப்புப் பூத்தாப்புல கறை. சொட்டினதெல்லாம் சூட்டுல ஆவியாப் போயிருக்கு. அதான் தரையில ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. விரிசல் விட்டதை அறுத்துட்டு, பித்தளை ஜாயிண்ட் வெச்சு, கிளிப்பை முறுக்கினாள். கூலண்ட் ஊத்தி, குழாயில அடைச்ச காத்தை எடுத்துவிட்டு, அவளே ஓட்டினாள். ஏத்தம் முழுக்க சூட்டு முள்ளு நடுவை விட்டு அசையலை. கேஸ்கெட் போயிருந்தா கூலண்ட் டேங்க்கில குமிழி கொப்பளிக்கும்; ஒண்ணுகூட வரலை.

"மன்னிச்சுக்கங்க அம்மா"ன்னார் கமலேஷ்.

"அது கெடக்குதுங்க. கம்பெனிக்குப் போனைப் போட்டு, மூடியில இருந்தது மிஸ்ட்டுன்னு உங்க வாயால சொல்லுங்க. ஸ்பீக்கர்ல!"

சொன்னார். டீக்கடையே எந்திரிச்சு நின்னு கேட்டுச்சு.