உஷாராணியின் ஐந்து கூடைகள்

"நீ யாரு? நம்பரா, எழுத்தா?" என்று கணினித் திரையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் உஷாராணி. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த மென்பொருள் அலுவலகம். திரை பதில் சொல்லாது என்பது அவருக்கும் தெரியும். கேட்காமல் இருக்கத்தான் முடிவதில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தப்பித்துக்கொள்கிறார்கள்.

இணையப் படிவத்தில் மக்கள் நிரப்புவதை வகை பிரிக்கும் நிரல் எழுதுவது அவர் வேலை. வயது என்ற கட்டத்தில் ஒருவர் 17 என்று போடுவார். இன்னொருவர் 'பதினேழு முடிஞ்சிருச்சு' என்பார். மூன்றாமவர் பிறந்த தேதியையே போட்டுவிட்டுப் போவார். ஒரு புண்ணியவான் 'ஆமாம்' என்று எழுதியிருந்தார். எண், எழுத்து, தேதி, ஆம்-இல்லை, காலி என்று உஷாராணி ஐந்து கூடைகள் வைத்திருக்கிறார். எது வந்தாலும் நிரல் அதை ஏதாவது ஒன்றில் போட்டாக வேண்டும். காலியாக விட்ட கட்டத்தைப் பூஜ்யமாக்கிவிடும் புதியவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "சாப்பிடலன்னு சொல்றதும், சாப்பிட்டியான்னு கேட்டா பதிலே சொல்லாம விடறதும் ஒண்ணா?" என்பார்.

இவ்வளவு பேசுகிறவரின் கைப்பையைப் பார்க்க வேண்டும். மாத்திரை, சாவி, திருநீற்றுப் பொட்டலம், பழைய கார்நிறுத்தச் சீட்டு எல்லாம் ஒரே குவியல். கைப்பேசி மணி அடித்தால் பையை மேசையில் கவிழ்த்துத்தான் தேடுவார்.

அன்று மத்தியானமும் அப்படித்தான் கவிழ்த்தார். மேரு ஊரிலிருந்து மலர் என்ற தாய் அழைத்திருந்தார். கிள்ளானில் உள்ள கல்விக் குழு ஒன்று, பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளைத் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் சேர்க்க விண்ணப்பம் வாங்கியிருந்தது. உஷாராணியின் நிரல் பிரித்துக் கொடுத்த கோப்பு காலையில் கல்லூரிக்குப் போய்விட்டது. அன்றுதான் கடைசி நாள், மாலை ஐந்து மணி வரை. உதவிக்கு என்று படிவத்தின் அடியில் போட்டிருந்தது உஷாராணியின் எண்.

"அக்கா, என் மக ஐசி நம்பர் செல்லாதுன்றாங்க காலேஜ்ல. அப்படி ஒரு ஆளே இல்லையாம். இந்த இடம் கிடைக்கலன்னா அவங்கப்பா ஃபேக்டரிக்கு அனுப்பிருவாரு."

"நம்பரப் படிங்கம்மா."

"ஸீரோ செவன்..."

"போதும்," என்றார் உஷாராணி.

ஐசி என்கிற அடையாள அட்டையின் எண், பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களில் தொடங்கும். இரண்டாயிரத்து ஏழில் பிறந்த பிள்ளைக்கு முதலில் நிற்பது பூஜ்யம்; விண்ணப்பித்த மற்றப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். நிரல் அதை எண் கூடையில் போட்டது. எண்ணுக்கு முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று தள்ளியும் விட்டது. தொலைபேசி எண்ணுக்கு இந்தக் கதி வரும் என்று தெரிந்து, அதை எழுத்துக் கூடைக்கு மாற்றியவர்தான் உஷாராணி. ஐசி நினைவுக்கு வரவில்லை. சோதிக்காமலும் இல்லை. அலுவலகத்தில் எல்லாருடைய ஐசியையும் வாங்கிப் போட்டுப் பார்த்தார். எல்லாரும் போன நூற்றாண்டில் பிறந்தவர்கள். ஒருவருடையதும் பூஜ்யத்தில் தொடங்கவில்லை.

"கூட்டிக் கழிக்கப் போறதில்லன்னா அது நம்பரே இல்லன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தேனே," என்றார். இத்தனை பிள்ளைகளின் படிப்பில் தன் கை பட்டுவிட்டதே என்ற பயம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

நிரலைத் திருத்த அதிக நேரம் ஆகவில்லை. ஆனால் கல்லூரி கோப்பைப் பூட்டிவிட்டது. குழுவின் செயலாளர் கமலநாதன் கேட்டால்தான் மறுபடி திறப்பார்கள்.

முதலாளி கிஷன் வந்து எதிரில் உட்கார்ந்தார். "உஷாக்கா, கமலநாதன்கிட்ட காலேஜ் சிஸ்டம்ல ப்ராப்ளம்னு சொல்லிருங்க லா. நம்ம தப்புன்னு தெரிஞ்சா அடுத்த ப்ராஜெக்ட் நமக்கு இல்ல."

"அவரு காலேஜ்ல போய்க் கேப்பாரு. அவங்க, எங்க சிஸ்டம் ஓகேம்பாங்க. இப்படியே மாத்தி மாத்திப் பேசி அஞ்சு மணி ஆயிரும். அப்புறம் அந்தப் புள்ளைங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

"நீங்களே பேசிக்குங்க அப்ப."

உஷாராணி கமலநாதனின் எண்ணை அழுத்தினார். மணி போகும்போதே ஒலிபெருக்கியைப் போட்டு, கைப்பேசியை மேசை நடுவில் வைத்தார்.

"அங்கிள், உஷா பேசறேன். புள்ளைங்க ஐசி எல்லாம் தப்பாப் போயிருக்கு. காலேஜ் மேல தப்பில்ல, நான் பண்ணது."

கிஷன் மெல்ல எழுந்தார். "கோப்பத் தொறக்கச் சொல்லி நீங்கதான் கேக்கணும்," என்று சொல்லிக்கொண்டே உஷாராணி, அவர் சட்டைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.