கிள்ளான் சந்தையில் இரண்டு பேருக்கு மசாலா

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பதினான்காவது நிறுத்தம் கிள்ளான். கொமுட்டர் ரயிலில் எண்ணிக்கொண்டே வருகிறேன். வீட்டுப் பக்கத்திலும் சந்தை உண்டு. ஆனால் அங்கே எல்லாருக்கும் என் மனைவியைத் தெரியும். ஏழு மாதமாக அவள் என் மனைவி இல்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் என் வாடகை வீட்டுக்கு முதல்முறையாகச் சாப்பிட வருகிறாள். நான் இதுவரை சமைத்ததே இல்லை.

அரைத்த மசாலா விற்கும் பெண்மணியின் முன்னால் ஒன்பது பாத்திரங்கள் இருக்கின்றன.

“என்ன கறி அங்கிள்? எத்தனை பேருக்கு?”

“கோழி. மூணு பேருக்கு.”

மிளகாய் விழுது மூன்று கரண்டி பிளாஸ்டிக் பையில் விழுகிறது.

“இல்லம்மா, நானும் மகளும்தான். டிவோர்ஸ் ஆயிடுச்சு.”

வெளியாளிடம் இதைச் சொல்வது இதுதான் முதல் தடவை.

“மொதல்லயே சொல்லணும் லா,” என்று ஒரு கரண்டியை வழித்துப் பாத்திரத்தில் திரும்பப் போடுகிறார். “மகளுக்குக் காரம் ஆகுமா?”

நானும் மகளும் முப்பத்தொரு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம். எனக்குத் தெரியவில்லை.

“போன் போட்டுக் கேளுங்க அங்கிள். நான் எங்கயும் ஓடிட மாட்டேன்.”

எனக்குப் பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். மகளை அழைத்துக் கேட்கிறேன்.

“ஆகாதுப்பா,” என்கிறாள். பிறகு, “உங்களுக்கு ஆகுமா?” என்று கேட்கிறாள்.