முதல் விருப்பம் குசினி ஸ்டூல்

துறைமுகத்தில் வேலை செய்கிறேன் என்று சொன்னால் ஆட்கள் என்னை ஒரு மாலுமி அளவுக்கு மதிக்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. உண்மையில் நான் உட்துறைமுக வீதியில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் மின்விசிறிக்குக் கீழே இருந்து எழுதுகிறவன். எந்தக் கப்பல் வருகிறது, வெளியே நங்கூரம் போட்டு நிற்க வேண்டுமா, உள்ளே வந்து கட்டலாமா என்று எழுதுவதும் தொலைபேசியில் கத்துவதும்தான் வேலை. கடலில் இறங்கினால் எனக்கு வயிற்றைப் பிரட்டும். ஒருமுறை கப்பல் ஒன்றுக்குக் கடுதாசி கொண்டுபோகப் படகில் ஏறினேன். கடுதாசி போய்ச் சேர்ந்தது, நான் பாதி வழியிலேயே திரும்பிவிட்டேன்.

அப்படிப்பட்டவனுக்குக் கடல் படிக்க வேண்டும் என்று ஒரு மகள்.

அவள் உயர்தரத்தில் உயிரியல் எடுத்தவள். பெறுபேறு வந்தபோது, வைத்தியத்துக்கு எட்டாத, ஆனால் வேறு பலதுக்கும் போதுமான புள்ளி. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: தெற்குக் கரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கிற கடல் விஞ்ஞானம். சின்ன வயதில் சங்குக்குள் குடியிருக்கும் நண்டு ஒன்றை ஐஸ்கிறீம் டப்பாவில் வளர்த்தவள். மனைவி ஒரு நாள் அதைச் சொதியில் போட இருந்தது வேறு கதை. டப்பா மாறிய அந்தச் சின்னப் பிழைக்கு வீட்டில் இன்னமும் மன்னிப்புக் கிடைக்கவில்லை.

மனைவிக்கு மகள் டொக்டராக வேண்டும். புள்ளி எட்டாது என்று தெரிந்தும் வேண்டும். எனக்கு அவள் ஊரிலேயே இருக்கிற வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்க வேண்டும். பாலையூற்றில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நானே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடலாம், பின்னேரம் ஏற்றிக்கொண்டு வரலாம். மூலிகை பற்றி எனக்குத் திடீரென்று பெரிய மரியாதை வந்திருந்தது.

விண்ணப்பத்தில் படிக்க விரும்புகிறவற்றை விருப்ப ஒழுங்கில் அடுக்க வேண்டும். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று நீளமாகப் போடலாம். கடைசியில் கிடைப்பது ஒன்றே ஒன்று. மகள் ஒவ்வொரு படிப்பின் பெயரையும் ஒரு மட்டைத் துண்டில் எழுதி, மீன் உருவக் காந்தங்களால் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மேலிருந்து கீழாக ஒட்டிவைத்தாள். எல்லோரும் பார்த்து யோசிக்கட்டும் என்பது அவள் எண்ணம். அவள் நினைத்திருந்தால் தன் போனில் தானே போட்டு அனுப்பியிருக்கலாம். வீட்டில் ஒருவரும் முகம் நீட்டாமல் காரியம் நடக்க வேண்டும் என்று விரும்பினாள், பாவம்.

விளைவு, எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பது அதிகமாயிற்று. காலையில் கடல் மேலே இருக்கும். மனைவி தயிர் எடுக்கப் போனால் வைத்தியம் மேலே ஏறிவிடும். நான் தண்ணீர்ப் போத்தல் எடுத்தால் சித்த மருத்துவம் உச்சிக்குப் போகும், கடல் பக்கத்தில் தரையில் இருக்கும் வெங்காயத் தட்டின் உயரத்துக்கு இறங்கிவிடும். மகள் வந்து திரும்ப அடுக்குவாள்.

"இஞ்ச பார் பிள்ளை, நான் விளையாட்டுக்கு மாத்தேல்லை. இதில ஒரு விஷயம் கிடக்கு," என்றேன் ஒரு நாள்.

"சொல்லுங்கோ."

நான் என் கோட்பாட்டைச் சொன்னேன். அது கந்தோரில் இத்தனை வருடம் இருந்து கற்றது. முதலில் வந்த கப்பலுக்கு முதலில் இடம். பின்னால் வந்தது எவ்வளவு பெரிய கப்பலானாலும் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே ஒரு படிப்பை முதலாவதாக எழுதினவர்களுக்கே அதை முதலில் கொடுப்பார்கள். இரண்டாவதாக எழுதினவர்களுக்கு மிஞ்சினால் உண்டு. கிடைக்குமோ கிடைக்காதோ என்றிருப்பதை முதலில் போட்டு அது தவறினால், கட்டாயம் கிடைக்கக்கூடியதும் கைவிட்டுப் போய்விடும். எனவே நிச்சயமானதை முதலில் போடு.

"அப்பா, அப்பிடியில்லை. புள்ளிதான் வரிசை. ஒழுங்கு எங்கட விருப்பத்தைச் சொல்லுறதுக்கு மட்டும்தான். விண்ணப்பத்தோட தந்த கைநூலில தெளிவா எழுதியிருக்கு."

"கைநூலில அப்பிடித்தான் எழுதுவாங்கள். நடைமுறை வேறை."

இந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு இலங்கையில் எந்த விவாதத்தையும் வெல்லலாம்.

"கடல் எனக்குக் கிடைக்குமோ தெரியாது அப்பா, ஓரத்தில நிக்கிறன்," என்றாள். "சித்த மருத்துவம் எப்பிடியும் கிடைக்கும். அதை முதலில போட்டா, கடலுக்குப் புள்ளி காணும் எண்டாலும் கடலை எனக்குத் தரமாட்டினம். முதலாவதோட கணக்கு முடிஞ்சுது."

"கிடைச்சதைக் கொண்டு சந்தோஷமா இருக்கிறதுதானே."

அவள் ஒரு மீனை நேராக்கிவிட்டுப் போனாள்.

கந்தோரில் என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர் கிண்ணியாவிலிருந்து வருகிறவர். அவருடைய மகன் கணிதம். பொறியியலுக்கு மயிரிழையில் நிற்கிற புள்ளி. என் கோட்பாட்டைக் கேட்டு அவர் அப்படியே மயங்கிவிட்டார். பொறியியலை ஐந்தாவதுக்குத் தள்ளி, எப்படியும் கிடைக்கும் என்றிருந்த ஒரு படிப்பை மேலே போடச் சொன்னேன். நன்றிக்கடனாக ஒரு பை நிறையக் கிண்ணியாத் தயிர் கொண்டுவந்து தந்தார். ஆலோசகர் என்ற பதவி எனக்கு நன்றாகவே பிடித்திருந்தது.

கடைசித் திகதிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, மகனின் பட்டியலை ஒருதரம் என்னிடம் காட்டிவிட்டுப் போக நண்பர் வீட்டுக்கு வந்தார். மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். பட்டியலைப் பார்த்தாள். தேத்தண்ணித் தட்டு கையில் அப்படியே நின்றது.

"மாமா, இது ஆர் சொல்லிப் போட்டது?"

"உங்க வாப்பாதான் மகள். வேற யாரு?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் வெளியே நங்கூரம் போட்டேன். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"சரி, செய்து பாப்பம். கதையில்லை. கண்ணால காட்டுறன்," என்றேன்.

முன் அறையில் நாலு இருக்கைகளைப் போட்டேன். என் சாய்மனைக் கதிரை, அதுதான் வீட்டில் எல்லோரும் ஆசைப்படுவது. ஒரு பிளாஸ்டிக் கதிரை. சுவரோரத்து நீள மர வாங்கு. கடைசியாகக் குசினி ஸ்டூல். அதற்கு ஒரு கால் கட்டை. இருந்தால் பிடரியில் தட்டுவதுபோல் ஒரு பக்கம் சரியும். இவைதான் நாலு படிப்பு. நான், மனைவி, நண்பர், மகள், நாலு பேரும் விண்ணப்பதாரிகள். ஒவ்வொருவரும் தன் விருப்ப ஒழுங்கைத் துண்டில் எழுதி எல்லோரும் பார்க்க முன்னால் வைக்க வேண்டும். புள்ளியைச் சீட்டில் எழுதிச் சம்பல் கோப்பைக்குள் போட்டுக் குலுக்கி எடுப்பது.

"கைநூலில இருக்கிற விதிப்படியே நடத்து," என்று மகளிடம் பெருந்தன்மையாகச் சொன்னேன். "அதைப் பின்பற்றினா என்ன குழப்பம் வரும் எண்டு எல்லாரும் பாக்கட்டும்."

நான் என் கோட்பாட்டின்படி நிச்சயமானதை, அதாவது ஒருவரும் விரும்பாத ஸ்டூலை, முதலாவதாக எழுதினேன். சாய்மனைக் கதிரையைக் கடைசியில் போட்டேன்.

"நீயும் ஸ்டூல் போடு மச்சான்," என்றேன் நண்பரிடம்.

"சும்மா இரு மச்சான், எனக்கு முழங்கால் நோவு. விளையாட்டெண்டாலும் அதில இருக்க ஏலாது," என்று சாய்மனைக் கதிரையை முதலாவதாகவும் பிளாஸ்டிக்கை இரண்டாவதாகவும் எழுதினார்.

சீட்டு எடுத்தோம். படிக்கிற காலத்தில் ஒருநாளும் நடக்காத ஒன்று நடந்தது. எனக்கு அதிகூடிய புள்ளி! எழும்பி நின்று மூவருக்கும் கையசைத்தேன்.

"முதல் ஆள் அப்பா," என்றாள் மகள். "முதல் விருப்பம் ஸ்டூல். இடம் இருக்கு. வாழ்த்துக்கள். போய் இருங்கோ."

"பொறு பொறு. சாய்மனைக் கதிரை சும்மாதானே கிடக்கு?"

"கிடக்கு."

"எனக்குத்தானே கூடின புள்ளி?"

"ஓம். நீங்கள் எழுதினது ஸ்டூல். உங்கட விருப்பத்தை நாங்கள் மதிக்கிறம்."

போய் ஸ்டூலில் இருந்தேன். அது வழக்கம்போல் சரிந்தது. இரண்டாவது மனைவி. முதல் விருப்பம் சாய்மனைக் கதிரை. போய்ச் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அந்தக் கதிரையில் அவள் சரியாக இருந்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மூன்றாவது நண்பர். அவர் முதலாவதாக எழுதிய சாய்மனைக் கதிரையில் ஆள் இருந்தது.

"இப்ப பாருங்கோ!" என்று ஸ்டூலிலிருந்து கத்தினேன். "கிடைக்காததை முதல் போட்டார். பிளாஸ்டிக் கதிரையும் போச்சு. அதை முதலாவதா எழுதினது பிள்ளை. முதலாவதா எழுதின ஆளுக்குத்தான் அது!"

"இல்லை அப்பா. நான் முதலாவதா எழுதினனான், மாமா ரெண்டாவதா எழுதினவர். ஆனா மாமாவுக்கு என்னைவிடப் புள்ளி கூட. முதல் விருப்பத்தில இடமில்லை எண்டவுடனே அடுத்ததைப் பாப்பினம். இடம் இருக்கு. மாமா, இருங்கோ."

நண்பர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். மகள் தன் இரண்டாவது விருப்பமான வாங்கில் போய் இருந்தாள். ஒருவருக்கும் குழப்பமில்லை. ஒருவரும் நிற்கவுமில்லை. அறையில் அதிகூடிய புள்ளி எடுத்த மேதை மட்டும் ஒற்றைக் கால் கட்டையான ஸ்டூலில் ஆடிக்கொண்டிருந்தது.

 நண்பர் தன் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அடேய்! என்ட மகனை ஸ்டூல்ல இருத்தப் பாத்தியேடா!"

"மச்சான், நடைமுறை..."

"உன்ட நடைமுறையக் கொண்டுபோய்க் கடலில போடு! என்ட தயிரைத் தா!"

தயிர் முடிந்துவிட்டிருந்தது. மகனுக்கு அங்கேயே போன் எடுத்து, "மகன், பேனையை எடு. பொறியியல் மேல. விரும்பின ஒழுங்கில போடு. ஓம், மாமா சொன்னதெல்லாம் பிழை. ஓம், முழுசாப் பிழை," என்று வீதி முழுக்கக் கேட்கக் கதைத்தார்.

அவர் போன பிறகும் மனைவி சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்: "இஞ்சருங்கோ, உங்கட விதி எந்தப் பக்கத்தால சுத்தினாலும் பிள்ளையைக் கொண்டுவந்து எங்கட கேற்றடியிலதான் விடுது. அதைக் கவனிச்சனீங்களோ?"

"அது தற்செயல்."

"ஓம் ஓம். தற்செயல்."

நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். தண்ணீரைச் சாட்டாகச் சொல்லாமல் குளிர்சாதனப் பெட்டிக்குப் போனது அன்றுதான். சித்த மருத்துவத்தைக் கழற்றிக் கடலுக்குக் கீழே வைத்தேன். இப்போது ஒழுங்கு: முதலாவது வைத்தியம், இரண்டாவது கடல், மூன்றாவது சித்தம். வைத்தியத்தை மேலே விடுவதில் மகளுக்கும் மறுப்பில்லை. போன வருட வெட்டுப்புள்ளிக்கும் அவளுடையதற்கும் நல்ல இடைவெளி. கிடைக்காது, எழுதினால் கடலுக்கு நட்டமும் இல்லை என்பதைத்தான் சற்றுமுன் நண்பரின் முழங்கால் நிரூபித்திருந்தது. அம்மாவுக்கு ஒரு மரியாதை.

மறுநாள் பின்னேரம் மூவருமாக விண்ணப்பத்தை அனுப்ப இருந்தோம். மகள் போனில் முதலாவதைத் தட்டப் போகும்போது மனைவி கையைப் பிடித்தாள்.

"நில்லு. வைத்தியத்தை எடுத்துவிடு."

"ஏனம்மா? கிடைக்காதுதானே. சும்மா இருக்கட்டும்."

"தவறிக் கிடைச்சிட்டா?"

மகள் விளங்காமல் பார்த்தாள்.

"இந்த வருஷம் வெட்டுப்புள்ளி இறங்கி, தவறிக் கிடைச்சிட்டா, கடலைப் பாக்கவே மாட்டாங்கள் எல்லோ? முதலாவதோட முடிஞ்சுதெண்டு நீதானே சொன்னனி?"

எங்கள் மூவரிலும் அந்த விதியைக் கடைசிச் சொல் வரைக்கும் விளங்கிக்கொண்டது அவள்தான். மகள் அம்மாவின் தோளில் தலையை வைத்தாள். நான் அந்த நேரம் பார்த்துக் கேற்றடியில் ஏதோ சத்தம் கேட்டதாகச் சொல்லி வெளியே போனேன். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு காத்திருப்பு. நண்பர் அந்த மாதங்கள் முழுக்க என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கந்தோரில் எனக்கு "ஸ்டூல்" என்றே பெயர். வெட்டுப்புள்ளி வந்த அன்று கந்தோரில் எந்தக் கப்பல் எங்கே நின்றது என்று இருவருக்கும் தெரியாது. அவருடைய மகனுக்கு முதல் இரண்டும் தவறி மூன்றாவது விருப்பம் கிடைத்திருந்தது. அதுவும் பொறியியல்தான், வேறோர் ஊரில். முதலில் எழுதிய இரண்டும் மூன்றாவதின் ஒரு மயிரைக்கூடத் தொடவில்லை. என் மகள் போன் எடுத்தாள்.  "அப்பா, கடல்," என்றாள். ஓரத்தில் நின்றவள் ஓரத்தாலேயே உள்ளே போய்விட்டாள்.

அவளைத் தெற்குக்கு பஸ் ஏற்ற நாங்கள் மூவரும் போனோம். போகிற வழியெல்லாம் மறந்துபோன பொருட்களை மனைவி ஞாபகப்படுத்திக்கொண்டு வந்தாள். நான் முழு வழியும் பகிடி விட்டேன். ஒன்றுக்கும் ஒருவரும் சிரிக்கவில்லை. என் பகிடிகளுக்கு அது வழக்கம்தான்.

குளிர்சாதனப் பெட்டியில் இப்போது ஒரேயொரு மட்டை இருக்கிறது. எல்லா மீன்களும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சாய்மனைக் கதிரை நிரந்தரமாக மனைவிக்குப் போய்விட்டது. மேன்முறையீடு செய்தேன், நிராகரிக்கப்பட்டது. பின்னேரம் மகள் வீடியோவில் வருவாள். அங்கே படகில் போனதையும், கூடப் போனவர்கள் எல்லோரும் சத்தி எடுக்கத் தான் மட்டும் நின்றதையும் சொல்லுவாள். அது அம்மாவின் வயிறு.

"அப்பா எங்கை? காணேல்லை," என்பாள்.

மனைவி போனைக் கொஞ்சம் கீழே சரிப்பாள்.

"இஞ்ச இருக்கிறன் பிள்ளை," என்பேன். "முதல் விருப்பத்தில."