சும்மா இருக்கிற பெட்டி ஏன் சுடுகிறது

என் மாமனாரைப் பொறுத்தவரை வேலை என்றால் வேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கத்த வேண்டும். ஏலக்காய் வியாபாரத்தில் இரண்டுக்கும் குறைவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மூன்று டிவியில் படம் பார்ப்பதை அவர் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. போனில் யாராவது "மாப்ள என்ன செய்றாரு?" என்று கேட்டால், என் காதிலும் விழுகிற மாதிரி, "சும்மா வீட்லதான் இருக்காரு" என்பார். பொய் என்றாலாவது சண்டை போடலாம். நான் வீட்டில்தானே இருந்தேன்.

நான் விளம்பரப் படங்களை வெட்டி ஒட்டுகிறவன். கம்பெனி சென்னையில், நாற்காலி போடியில். மனைவிக்குப் போடியில் பள்ளிக்கூட வேலை, வீட்டுக்கு ஒரே பெண். என் சொந்த ஊரான சிலமலையிலோ காற்று பலமாக அடித்தால் இன்டர்நெட் போய்விடும். அதனால் கல்யாணம் முடிந்த கையோடு நான் வீட்டோடு மாப்பிள்ளை ஆனேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நாலாவது நாள் காலையில் காபி வந்த டம்ளரின் அளவைப் பார்த்ததுமே விருந்து முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

எனக்குக் கொடுத்தது ஏலக்காய் அறை. சரியாகச் சொன்னால் அதில் பாதி. மறுபாதியில் கறுப்புப் பாலிதீன் உறை போட்ட சாக்குகள் அடுக்கியிருக்கும். வெளிச்சம் பட்டால் காயின் பச்சை போய்விடும் என்பதால் ஜன்னலை எல்லாம் கறுப்புத் தாள் ஒட்டி அடைத்திருந்தார்கள். காய் வெளுக்கக் கூடாது, மாப்பிள்ளை வெளுத்தால் பரவாயில்லை. வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம், "ஆகா, என்னா வாசம், குடுத்து வச்சவரு" என்பார்கள். ஒரு மாதம் அதிலேயே உட்கார்ந்திருந்தால் தெரியும். பாயசம் என்று கேட்டாலே எனக்கு அலுவலக நினைப்பு வரும்.

அந்த அறையில் மேசைக்கடியில் என் கம்ப்யூட்டர். நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டது, கல்யாணத்துக்கு முன்னால் நான் ஆசையாக வாங்கிய ஒரே பொருள். அதில் இரண்டு திரைகள் மாட்டியிருந்தேன். ஒன்று வேகமான புதுத் திரை, இன்னொன்று நிறம் பார்ப்பதற்கான பழைய திரை. மூன்றாவது என்னுடையதல்ல. மாமனாருக்குப் போடிமெட்டுக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டமும், காய் உலர்த்துகிற ஒரு ஸ்டோரும் உண்டு. ஸ்டோரில் ராத்திரி சூடு பார்க்கிற ஆள் தூங்கிவிடுகிறான் என்று சந்தேகப்பட்டு அங்கே கேமரா வைத்தார். அதைப் பார்க்க ஹாலில் கிடந்த பழைய டிவியைத் தூக்கிவந்து, "மாப்ளே, இதையும் உங்க பொட்டியில சொருகி விடுங்க" என்றார். சொருகினேன். சாப்பிட்டு முடித்ததும் வந்து பார்ப்பார், அந்த ஆளைப் போனில் திட்டுவார், ரிமோட்டில் அணைத்துவிட்டுப் படுக்கப் போவார்.

அதற்கப்புறம்தான் அறை சுட ஆரம்பித்தது.

போடியில் சித்திரை மாதத்தில் எந்த அறைதான் சுடாது என்று முதலில் விட்டுவிட்டேன். ஆனால் இது வேறு மாதிரியான சூடு. நான் ஒன்றுமே செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும் பெட்டியின் முதுகில் கை வைக்க முடியவில்லை. வேலை இல்லாத நேரத்தில் அந்தக் கார்டின் காற்றாடி நின்றுவிடும், அதன் வடிவமைப்பே அப்படி. அதனால் சத்தமும் இல்லை. சத்தமே காட்டாமல் சூடாவதை அதுவரை என் மாமியாரிடம் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் மாமனார் பெட்டிக்குப் பக்கத்துச் சாக்கைப் பிரித்தார். ஒரு கை அள்ளினார். முகம் மாறியது. அப்படியே ஹாலுக்குப் போய் வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார். மேலாகக் கிடந்த காய்களெல்லாம் அளவுக்கு மீறி உலர்ந்து வாய் பிளந்து, உள்ளே கறுப்பு விதை தெரிந்தது. வாய் பிளந்த காயை ஏலத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

"மாப்ளே, இது உங்க பொட்டி செஞ்ச வேல."

"பொட்டி சும்மாதான் மாமா இருக்கு. நான் இன்னைக்கு எதையும் ஓட்டவே இல்ல."

"சும்மா இருக்குற பொட்டி எதுக்குச் சுடுது?"

நியாயமான கேள்வி. பதில் இல்லாதபோது வாயை மூடிக்கொள்கிற நல்ல பழக்கம் என்னிடம் இல்லை. என்னென்னவோ சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டுவிட்டு, "மொட்டமாடியில தகரக் கொட்டாய் சும்மாதான கெடக்கு. அங்க போயிருங்க. காத்தோட்டமா இருக்கும்" என்றார்.

அந்தக் கொட்டகையில் மத்தியானம் அரிசி மாவைப் பிழிந்து வைத்தால் சாயங்காலம் வடகமாக எடுத்துக்கொள்ளலாம். பெட்டி அங்கே பிழைக்காது, நானும் பிழைக்க மாட்டேன். அதைவிட, அந்த அரை அறை போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கென்று சொல்ல ஒரு மூலை கிடையாது. ஹால் சோபா மாமனாருடையது, அடுப்படி மாமியாருடையது, படுக்கையறை பரீட்சைத் தாள்களுடையது. அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

மனைவியிடம் போய்ப் புலம்பினேன். "சும்மா இருக்குறத சும்மா இருக்குன்னு சொன்னா அதுக்கும் சுடுது, உங்களுக்கும் சுடுது. என்னான்னுதான் பாருங்களேன்" என்று சொல்லிவிட்டுத் தாள் திருத்தப் போய்விட்டாள்.

பார்த்தேன். கார்டு எத்தனை வாட் தின்கிறது என்று காட்டுகிற ஒரு நிரலைத் திறந்து வைத்தேன். மவுஸைக்கூட அசைக்கவில்லை. பத்து வாட்டில் படுத்துக் கிடக்க வேண்டிய கார்டு நாற்பதில் நின்றுகொண்டிருந்தது. அதன் மெமரி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்காக, எதற்காக? தூசி தட்டினேன். டிரைவரை மாற்றினேன். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்தேன். ஒரு வாட் இறங்கவில்லை. மாமியார் தன் பங்குக்கு, "மூணு டிவி வச்சுப் பாத்தா ஊர் கண்ணு படாதா?" என்று உப்பும் மிளகாயும் எடுத்து வந்து கம்ப்யூட்டருக்குத் திருஷ்டி சுற்றி அங்கேயே தணலில் போட்டார். ஜன்னல் அடைத்த அறையில் மிளகாய் நெடி என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கண் பட்டதோ இல்லையோ, என் கண் இரண்டும் போனது.

கடைசியில் வழி காட்டியதும் அவர்தான், அவருக்கே தெரியாமல். ஒருநாள் பெருக்க வந்தவர் விளக்குமாற்றில் மாட்டிய டிவி வயரை வெடுக்கென்று இழுத்தார். வயர் கழன்று விழுந்தது. என் திரையில் நாற்பது என்று நின்ற எண் கீழே கீழே போய்ப் பத்துக்கு வந்து படுத்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். "ஒடஞ்சிருச்சா?" என்று பதறினார். "இல்லத்தே, இப்பத்தான் உருப்பட்டுச்சு" என்றேன்.

அப்புறம் உட்கார்ந்து படித்தபோது விஷயம் புரிந்தது. ஒவ்வொரு திரையும் படத்தைப் புதுப்பித்துக்கொள்ள ஒரு வேகம் வைத்திருக்கிறது. ஒரே வேகத்துத் திரைகள் என்றால் நடுவில் கிடைக்கிற சின்ன இடைவெளியில் கார்டு தன் மெமரியின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓய்வெடுக்கும். ஆளுக்கொரு வேகம் என்றால் எல்லாருக்கும் பொதுவான அந்த இடைவெளி அமைவதே இல்லை. ஒரு வீட்டில் மூன்று பேர் மூன்று நேரத்தில் சாப்பிட வந்தால் அடுப்பை எப்போது அணைப்பது? என் இரண்டு திரைகளை எப்படியோ சமாளித்து வந்த கார்டு, மாமனாரின் டிவி வந்ததும் கையை விரித்துவிட்டது. ரிமோட்டில் அணைத்தாலும் வயர் சொருகியிருக்கும் வரை அதற்கு அந்த டிவி இருப்பதாகத்தான் கணக்கு. ஆள் வருகிறாரோ இல்லையோ, இலை போட்டிருக்கிறதே.

எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. குற்றவாளி அவருடைய டிவி! ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வராதா என்று ஹாலுக்குப் போனேன்.

"மாமா, சூட்டுக்குக் காரணம் உங்க டிவிதான்."

"அதத்தான் நான் டெய்லி அணைச்சுட்டுப் போறேன்ல?"

"அணைச்சாலும் வயரு இருக்குல்ல மாமா."

"அப்ப, அது சும்மா இருந்துக்கிட்டே உங்க பொட்டியச் சுட வைக்குதாக்கும்?"

"ஆமா மாமா."

"ஏதோ சொல்றீங்க" என்று பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

தீர்வு ரொம்பச் சின்னது. அதே பெட்டியின் மதர்போர்டில், கார்டைத் தொடாமலே படம் காட்டுகிற இன்னொரு துளை உண்டு. டிவி வயரைக் கார்டிலிருந்து பிடுங்கி அதில் சொருகினேன். என் இரண்டு திரைகளையும் ஒரே வேகத்துக்கு மாற்றினேன். டிவியில் ஸ்டோரும் தெரிந்தது, கார்டும் தூங்கியது. சாயங்காலம் மாமனார் வந்து பெட்டியின் முதுகில் புறங்கையை வைத்துப் பார்த்தார். போகும்போது, "காய் வரத்து கூடுற சீசன் வருது. எடம் பத்தாது. மழ முடியட்டும், மாடியப் பத்திப் பேசுவோம்" என்றார். ஆக, வழக்கு தள்ளுபடியாகவில்லை. வாய்தா மட்டும் கிடைத்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. பிடித்ததென்றால் விடவேயில்லை. மலையிலிருந்து ஜீப்பில் வந்த சாக்குகளில் ஒன்று, தார்ப்பாய் விலகி, அடியில் நனைந்திருந்தது. மாமனார் அதைத் தரையில் கொட்டி ஒரு கை அள்ளிக் காதோரம் வைத்துக் குலுக்கினார். நன்றாகக் காய்ந்த காய் கலகலவென்று பேசும். இது பேசவில்லை. நமத்துப்போயிருந்தது. மறுநாள் சாயங்காலத்துக்குள் ஏலத்துக்குப் போயாக வேண்டிய சரக்கு. மேலே ஸ்டோருக்குத் திருப்பி அனுப்பலாமென்றால் மெட்டுச் சாலையில் பாறை விழுந்து ஜீப்பெல்லாம் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. வெயிலில் போட்டால் பச்சை போய்விடும். அதற்கும் முதலில் வெயில் வேண்டுமே.

நான் வேலையாக இருந்தேன். கதவருகே அவர் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அவருடைய சொந்த வீட்டில் அவர் இப்படித் தயங்கி நான் பார்த்ததில்லை.

"மாப்ளே, ஒரு சோலி. அந்தப் பொட்டி முன்னாடி ஒரு மாதிரி சுடுமுல்ல?"

"ஆமா மாமா, சரி பண்ணிட்டேனே."

"அதத் திரும்பக் கெடுக்க முடியுமா?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அப்புறம் கெத்தாக, "அதெதுக்கு மாமா அந்த அரைகுறைச் சூடு? பெரிய படம் ஒண்ண ஓட விடுறேன். பொட்டி அனலாக் கக்கும், வெரசாக் காஞ்சிரும்" என்றேன்.

"அய்யய்யோ, வேணாம்! காத்தும் அனலுமா அடிச்சா வாய் பொளந்துரும். அந்தப் பழைய சூடு போதும். சத்தமில்லாம, அது பாட்டுக்கு இருக்குமே, அது."

நான் தேடித் தேடி விரட்டிய அதே உதவாத நாற்பது வாட். டிவி வயரை மறுபடி கார்டில் சொருகினேன். என் இரண்டு திரைகளையும் ஆளுக்கொரு வேகத்துக்கு மாற்றிக் கெடுத்தேன். எண் ஏறி நாற்பதில் நின்றது. பெட்டியைச் சுற்றி மாமனாரின் பழைய வேட்டிகளை விரித்தோம். மாமியார் நனைந்த காயைக் கொண்டுவந்து மெல்லிசாகப் பரப்பினார். கதவைச் சாத்தினோம். நான் பழக்கதோஷத்தில் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸில் கை வைத்தேன்.

"மாப்ளே, எதையும் தொடாதீங்க. சூடு கூடிரும். சும்மா இருங்க."

சும்மா இருந்தேன். அவரும் ஒரு காலிச் சாக்கை மடித்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். மேலே கரண்ட் இல்லாததால் டிவியில் ஸ்டோர் தெரியவில்லை, வெறும் கறுப்பு. அதையே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வப்போது காயைப் புரட்டிவிடுவார், பெட்டியின் முதுகில் புறங்கையை வைப்பார், தலையை ஆட்டிக்கொள்வார். மறுநாளும் விடிந்ததிலிருந்து அப்படியே. என் சென்னைக் கம்பெனிக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தேன். அந்த அறையில் உட்கார்ந்திருந்தவனுக்கு அது அப்படியொன்றும் பெரிய பொய்யில்லை.

மத்தியானம் சாப்பிட்டு வந்து, ஒரு கை அள்ளித் தன் காதோரம் குலுக்கினார். பிறகு அதே கையை என் காதோரம் கொண்டுவந்து குலுக்கினார். "கேளுங்க." கலகலவென்றது. பச்சையும் போகவில்லை, ஒரு காய்கூட வாய் பிளக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் வெட்டி ஒட்டிய எந்தப் படத்துக்கும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"இன்னுங் கொஞ்ச நேரம் கெடக்கட்டும்" என்று மறுபடி பரப்பினார். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. ராசிங்காபுரத்துச் சின்ன மாமனார், என்னைப் பற்றி எப்போதும் அதே கேள்வியைக் கேட்கிறவர். ஸ்பீக்கரில் அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"என்னண்ணே, மழையெல்லாம் எப்பிடி? மாப்ள என்ன செய்றாரு?"

மாமனார் என்னைப் பார்த்தார். காலை நீட்டி, கைகளை மடியில் போட்டு, கறுப்பு டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மாப்ள அவரு ரூம்ல சோலியா இருக்காருப்பா. நானும் கூடத்தான் இருக்கேன். அப்புறமாக் கூப்புடு" என்று போனை வைத்தார்.

நான் மவுஸைக்கூடத் தொடவில்லை.