தவமலர் அக்காவின் மிக்கேல் காசு

தவமலர் அக்கா கார் ஓட்டும் சோதனையில் நாலு முறை தவறியிருந்தா. ஒருமுறை மழை காரணம், ஒருமுறை நரி, மற்ற இரண்டு முறையும் பரிசோதகரின் முகம். பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்கு விடியவே லண்டன் பிளேஸ்டோவில் பஸ்சுக்கு நின்று கால் வீங்கிவிட்டது. ஐந்தாம் முறையும் தவறினால் இனிப் போவதில்லை என்று, மேலறையில் வாடகைக்கு இருக்கும் என்னிடம் சொல்லியிருந்தா.

கணவர் மேர்வின் அண்ணை, கமக்காரரிடம் அனுமதி வாங்கி, எசெக்ஸ் வயல்களில் உலோகம் தேடும் கருவியோடு நடப்பவர். வருவதெல்லாம் சோடா மூடி. போன மாதம் ஒரு செப்புக் காசு வந்தது. உரோமர் காலத்தது என்று மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். வந்து பார்த்தால், அக்கா அதைப் புளி போட்டு மினுக்கியிருந்தா.

"என்ன செய்துபோட்டாய்? பழங்காசைத் தேய்க்கக்கூடாதெல்லோ?" அண்ணை கதிரையில் இருந்துவிட்டார்.

"ஊத்தையாக் கிடந்தது. இஞ்ச பாருங்கோ, செட்டை இருக்கு. காலடியில சாத்தான். மிக்கேல் சம்மனசு."

"அது உரோமச் சக்கரவர்த்தி அடிச்ச காசு."

"அவையிட்டயும் சம்மனசு வந்திருக்கும்தானே."

சோதனைக்குத் தேவதூதர் துணை என்று அதைச் சின்னக் கூட்டில் வைத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டா. சோதனைக்கு முதல் நாள், கோயிலில் பூசை முடிந்ததும், மந்திரிக்கச் சொல்லி பாதரிடம் நீட்டினா. பாதர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"இது மிக்கேல் இல்லை, அம்மா. உரோமரின்ர வெற்றித் தெய்வம். சர்மாத்தியா எண்ட நாடு தோத்துப்போச்சு எண்டு எழுதியிருக்கு. அடிச்சது லண்டனில."

"அப்ப கீழ கிடக்கிறது?"

"யுத்தத்தில பிடிபட்ட ஆள்."

அக்கா காசின் கீழ்ப்பாதியைப் பெருவிரலால் மூடிக்கொண்டா. பஸ்சிலும் விரலை எடுக்கவில்லை. வீட்டில் அதைக் கழற்றி அண்ணையிடம் கொடுத்தா.

"பிடிபட்ட சனத்தை மிதிக்கிறதையோ நான் கழுத்தில கொண்டு திரிஞ்சனான்?"

அக்காவின் மனம் மாற முதல் அண்ணை அதைப் பஞ்சில் சுற்றிவிட்டார். "நாளைக்கு மிக்கேலை நேர கூப்பிடன்."

"எந்த முகத்தோட? இவ்வளவு நாளும் வேற ஆளையெல்லோ கும்பிட்டனான். கோவமா இருப்பார்."

மறுநாள் ஒருவரையும் கூப்பிடாமல் போனா. பத்து மணிக்குத் திரும்பி வந்து, "பாஸ்" என்று மட்டும் சொல்லி, அண்ணையின் காரை எடுக்கத் திறப்புக்குக் கையை நீட்டினா.

அண்ணை காரின் பின்கதவைத் திறந்து ஏறினார்.

"முன்னுக்கு இருங்கோவன்."

"இஞ்ச இருந்தாக் காணும்."

அக்கா கண்ணாடியில் அவரைப் பார்த்தா. "அப்ப கதைக்கக்கூடாது."

"கதைக்கேல்லை."

முதல் சந்தி வரைக்கும் அண்ணை சொல் தவறவில்லை.