குப்பியில் இல்லாத புள்ளி

அந்தக் கறுப்புப் புள்ளியை நான் முதலில் பார்த்தது ஓர் ஊசி மருந்துக் குப்பிக்குள். அதைத் தேடிப் பார்ப்பதுதான் என் வேலை. மைசூர் பக்கத்து நஞ்சன்கூட்டில் ஒரு மருந்து கம்பெனியில் பதினோரு வருடமாகக் குப்பி பார்க்கும் பிரிவில் இருந்தேன். மேஜை மேல் விளக்கு, அதற்குப் பின்னால் பாதி வெள்ளை, பாதி கறுப்பாக ஒரு பலகை. குப்பியை மெதுவாகச் சுழற்றி, வெள்ளைக்கு முன்னால் சில நொடி, கறுப்புக்கு முன்னால் சில நொடி பார்க்க வேண்டும். நூல், தூசி, கண்ணாடித் துகள் எது மிதந்தாலும் சிவப்புப் பெட்டிக்குப் போக வேண்டும். தப்பிவிட்டால் அது யாருடைய நரம்புக்குள்ளோ போகும்.

அன்று காலை வரிசையாக ஆறு குப்பியில் புள்ளி. ஏழாவதிலும் இருந்தது. சூப்பர்வைசர் வந்து சிவப்புப் பெட்டியிலிருந்து இரண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். என்னைவிட வயதில் சின்னவள், மைசூர்க்காரி.

“அக்கா, இதரல்லி ஏனூ இல்ல.”

அவள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் நிமிர்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தேன். புள்ளி குப்பியிலிருந்து கிளம்பிச் சுவரில் போய் உட்கார்ந்தது. கண்ணை அசைத்தால் அதுவும் அசைந்தது.

அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை. “வெளிச்சம் கூசுச்சு” என்று சமாளித்தேன். எங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனை உண்டு. அதில் தேறாதவர்களை அன்றைக்கே மேஜையிலிருந்து எழுப்பிவிடுவார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பவர் அதிகம், இரண்டு கண்ணிலும் மைனஸ் எட்டு. கண்ணாடி போட்டால் எல்லாம் துல்லியமாகத் தெரியும் என்பதால்தான் இத்தனை வருடம் அந்த நாற்காலி என்னிடம் இருந்தது.

அடுத்த நாளிலிருந்து இடது கண்ணை லேசாகச் சுருக்கிக்கொண்டு, வலது கண்ணால் மட்டும் பார்க்கப் பழகினேன். கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது இடது கண் ஓரத்தில் யாரோ போட்டோ எடுப்பதுபோல் பளிச் பளிச்சென்று மின்னும். தூக்கம் போதவில்லை, சத்து இல்லை, மாத்திரை சாப்பிட்டால் சரியாகும் என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். இப்படியே இரண்டு வாரம் ஓடியது.

பதினைந்தாவது நாள் எனக்கு வார விடுமுறை. அரிசி களைந்துகொண்டிருந்தேன். இடது கண்ணில் மூக்குப் பக்கம், கீழே, சாம்பல் நிறத்தில் ஏதோ மறைத்தது. கண்ணாடியில் அழுக்கு என்று முந்தானையால் துடைத்துப் போட்டேன். போகவில்லை. கண்ணாடியைக் கழற்றினேன். அப்போதும் அது அங்கேயே இருந்தது. களைந்த அரிசி பாதி தொட்டியில் கொட்டியது.

வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கிறார். அவர் காலையிலேயே கிளம்பியிருந்தார். மகள் ஸ்கூலில். நானாகவே அக்ரஹாரம் கடைத்தெருவில் எப்போதும் கண்ணாடி மாற்றும் கடைக்கு நடந்தேன். பவர் மாறியிருக்கும், புதுக் கண்ணாடி போட்டால் தீர்ந்தது என்றுதான் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். அந்த நினைப்பில், ஒரு ஸ்கூட்டர் பின்னாலிருந்து வந்து முழங்கையை உரசிக்கொண்டு போகும்வரை அது வருவதே தெரியவில்லை.

கடைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். அவரேதான் கண்ணும் பரிசோதிப்பார். வீட்டில் தமிழ், கடையில் கன்னடம்.

“ஃபிரேம் இதுவே இருக்கட்டும், பவர் மட்டும் பாத்துக் குடுங்க” என்றேன்.

எழுத்துப் பலகையை இடது கண்ணால் வாசித்தேன். நடுவில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் அவர், வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார். மறைப்பைப் பற்றி லேசாகச் சொன்னேன். மின்னலைப் பற்றிக் கேட்டார். ஆமாம் என்றேன். லென்ஸைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை என் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“வலது கண்ண மூடிக்குங்கம்மா. என் மூக்க மட்டும் பாருங்க. எத்தன விரல்?”

“ரெண்டு.”

“இப்போ?”

“ஒண்ணு.”

அதற்கு அப்புறம் அவர் பேசாமல் இருந்தார். நானும் காத்திருந்தேன். கடைசியில், “கைய நீட்டுங்க சார்” என்றேன்.

“நீட்டித்தாம்மா இருக்கேன்.”

வலது கண்ணைத் திறந்து பார்த்தேன். அவருடைய கை என் மூக்குக்குப் பக்கத்தில், கீழே, நான்கு விரலையும் விரித்தபடி இருந்தது.

“இன்னிக்கு உங்களுக்குக் கண்ணாடி கெடையாது” என்று எழுந்தார். “இது கண்ணாடில சரியாகிற விஷயம் இல்ல. உடனே கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும். நாளைக்கு, நாளைன்னிக்குன்னு தள்ளவே கூடாது.” வீட்டுக்காரர் நம்பரைக் கேட்டு வாங்கி அவரே பேசினார். ஒரு சீட்டில் ஏதோ எழுதிக் கொடுத்து, ஆட்டோவை நிறுத்தி, “நிதானவாகி ஹோகப்பா, பள்ளத்துல எறக்காதே” என்று டிரைவரிடம் பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாகச் சொல்லி அனுப்பினார்.

ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். கண்பாப்பா விரிந்து எல்லாம் வெள்ளையாகப் புகைந்துபோனது. வீட்டுக்காரர் சட்டையில் சிமெண்ட் தூசியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தது வாசனையில்தான் தெரிந்தது. டாக்டரம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மேலே பார், கீழே பார் என்று வெகுநேரம் பார்த்தார். நல்லவேளையாக அவருக்கும் தமிழ் தெரிந்திருந்தது.

“எத்தன நாளா இருக்கு?”

“ரெண்டு மூணு நாளா.”

“நெஜமா?” என்று அவர் மறுபடி கேட்டார். “பதினஞ்சு நாளாச்சு” என்றேன். வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பியதை உணர்ந்தேன்.

விழித்திரையில் கிழிசல் விழுந்து, அந்த வழியாக நீர் இறங்கி, திரை பின்னாலிருந்து பிரிந்துகொண்டிருக்கிறது என்று டாக்டர் விளக்கினார்.

“அடில தண்ணி எறங்கி டைல் தூக்கற மாதிரிங்களா?” என்று வீட்டுக்காரர் கேட்டார்.

“அதேதான். நடு எடம் மட்டும் இன்னும் ஒட்டிட்டிருக்கு. அது விடறதுக்குள்ள செய்யணும். நாளைக்குக் காலைல ஆபரேஷன்.”

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் கேட்டார், “ஏம் புள்ள, எங்கிட்டக்கூடச் சொல்லோணும்னு தோணலையா?” அவர் பிறந்த ராமாபுரத்துக் கொங்குப் பேச்சு கோபத்தில் இன்னும் தடிக்கும். ஆனால் அன்று குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆபரேஷனில் கண்ணுக்குள் காற்றுக் குமிழி அடைத்தார்கள். அது திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். ஒரு வாரம் குப்புறப் படுக்க வேண்டும், உட்கார்ந்தாலும் தலை கவிழ்ந்தே இருக்க வேண்டும். குமிழி கரையும்வரை மலைப்பக்கம் போகவே கூடாது, கண்ணில் அழுத்தம் ஏறிவிடும் என்றார்கள். கட்டுப் பிரித்ததும் இடது கண்ணுக்கு வெளிச்சமும் கை அசைவும் தவிர எதுவும் தெரியவில்லை. இப்படித்தான் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் ஒவ்வொரு முறை தும்மல் வரும்போதும், ஒட்டியது பிய்ந்துவிட்டதோ என்று உடம்பு முழுக்க வேர்த்தது.

குப்புறக் கிடக்கும்போது தரையைத் தவிர பார்க்க ஒன்றுமில்லை. மூன்றாம் நாள்தான் அந்த நினைப்பு வந்தது. அந்த இரண்டு வாரமும் நான் சரி என்று தள்ளிய குப்பிகள். எல்லாவற்றையும் ஒற்றைக் கண்ணால், அரைகுறைக் கவனத்தோடு, மனசு வேறெங்கோ கிடக்க, பார்த்தேன். அதில் ஒன்று ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில், ஏதோ ஒரு கையில் இறங்கிக்கொண்டிருந்தால்? அந்தக் கை என் மகளுடைய கைபோலவே மனதில் வந்தது.

மகளைக் கூப்பிட்டு போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் தேதி வாரியாகச் சொன்னேன்.

“யாக்கக்கா மொதலே ஹேளலில்ல?” என்றாள். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்ற அந்தக் கேள்வியை மூன்று நாளில் இரண்டாவது ஆளாக அவள் கேட்டாள். “வேலை போயிடும்னு பயம்” என்று கன்னடத்தில் சொன்னேன். “நான் மேலே சொல்லியாகணும், அக்கா” என்று வைத்துவிட்டாள்.

நான்கு நாள் போன் வரவில்லை. சோறு இறங்கவில்லை. மகள் தரையில் மல்லாந்து படுத்து, கீழிருந்து என் முகத்தைப் பார்த்தபடி ஸ்பூனால் ஊட்டினாள். ஐந்தாம் நாள் சூப்பர்வைசர் கூப்பிட்டாள். பெரும்பாலான பெட்டிகள் கிடங்கிலேயே இருந்திருக்கின்றன. முதல் இரண்டு நாள் சரக்கு மட்டும் டிப்போவுக்குப் போய்விட்டது, அதையும் திருப்பி வரவழைத்தார்களாம். எல்லாவற்றையும் வேறு ஆட்களை வைத்து மறுபடி பார்த்தார்கள். ஒரே ஒரு குப்பியில் மெல்லிய நூல் இருந்தது. நான் பார்த்த பெட்டிதான்.

அது வெளியே போகவில்லை. அதைக் கேட்டு அழுதேன். குனிந்தே அழுததில் கண்ணீர் நேராகத் தரையில் சொட்டியது.

மூன்றாம் வாரம் கண்ணுக்குள் தண்ணீர்த் தொட்டிபோல் ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்கு மேலே உலகம், கீழே கலங்கல். நாளுக்கு நாள் கோடு இறங்கியது. கடைசியில் சின்ன உருண்டையாக ஆடி, ஒரு காலை காணாமல் போனது. இடது கண்ணில் இப்போது நேர்க்கோடுகள் கொஞ்சம் நெளிகின்றன. மற்றபடி தெரிகிறது. கம்பெனியில் விசாரணை வைத்தார்கள், எழுதிக் கொடுத்தேன். மேஜைக்குத் திரும்ப விடவில்லை. லேபிள் பிரிவில் இருக்கிறேன். அதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் அவர்கள் செய்தது சரி.

டாக்டரம்மா கடைசியாக ஒன்று கேட்டார். “உங்க பொண்ணுக்கும் பவர் அதிகமா?”

பதினைந்து வயதில் அவளுக்கு மைனஸ் ஆறு. மறுநாளே கூட்டிப் போனேன். அவள் கன்னத்தை இயந்திரத்தில் வைத்திருந்த நேரம் முழுக்க நான் டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கண் ஓரத்தில் திரை மெலிந்து ஒரு சிறு ஓட்டை. அன்றைக்கே லேசர் வைத்துச் சுற்றி அடைத்துவிட்டார்கள். இனி ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்.

எனக்கு ஆறு மாதம் பொறுக்கவில்லை. தினமும் சாயங்காலம் ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி, சுவர் காலண்டரைக் காட்டிக் கேட்கிறேன். அவளுக்கு எரிச்சல். “பிடம்மா, சாக்கு” என்பாள், விடும்மா போதும் என்று. போன வாரம் வலது கண்ணுக்குப் பதில் வரவே இல்லை. கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அவள் காலண்டரையே பார்க்கவில்லை. கையில் போன், மெசேஜ் படித்துக்கொண்டிருந்தாள்.