யமுனையில் ஒரு மடவை

ஏரிக்கரை மீனவ ஊரான எங்கள் பசியாவரத்துப் பஜனைக் கோயிலில் இன்றும் தொங்கும் கிருஷ்ணலீலைத் துணியில், யமுனையாற்றில் ஒரு மடவை மீன் நீந்துகிறது. அதை வரைந்தவன் நான். அதற்குப் பிறகு செய்ததைத்தான் இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தத் துணியை எழுதக் காளஹஸ்தியிலிருந்து ஒரு மேஸ்திரி வந்து கோயிலிலேயே தங்கியிருந்தார். முதலில் புளியங்குச்சிக் கரியால் கோடு போடுவார். பிறகு நூல் சுற்றிய மூங்கில் கோலை மையில் தோய்த்து அதன்மேல் எழுதுவார். குழந்தைக் கிருஷ்ணனைக் கூடையில் சுமந்து வசுதேவர் ஆற்றைக் கடக்கும் இடத்தில் அலை இருந்தது, மீன் இல்லை. எனக்கு அப்போது எட்டு வயது, அதுவரை மீனில்லாத தண்ணீரை நான் பார்த்ததில்லை. அவர் சாப்பிடப் போன நேரத்தில் கரியை எடுத்து, செதிலும் செட்டையுமாக ஒரு மடவையைப் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் மாமாதான் முதலில் பார்த்தார். "இன்னா மேஸ்திரி, யமுனைல எங்க ஏரி மடவ இன்னா பண்ணுது? வழி தப்பி வந்துச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை. "சாமி படத்துல எவன்டா கை வச்சது? கைய ஒடிச்சிடுவேன்" என்று என் பக்கம் திரும்பினார். கரி படிந்த விரல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"நான்தாங்க போட்டேன். உங்க ஊரு மீனாச்சே" என்றார் மேஸ்திரி. சொன்னதோடு நிற்காமல் என் கரிக்கோட்டின்மேல் மையால் எழுதியும் காட்டினார்.

"அப்படியே துள்ளுது பாரு!" என்று நைனாவே மெச்சினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடியிலிருந்து தப்பியது புத்தியில் ஏறவில்லை. என் மீனை அவர் திருடிக்கொண்டார் என்றுதான் பட்டது. இருட்டுவதற்குள் அவருடைய கோலை எடுத்து ஏரியில் வீசினேன்.

மறுநாள் காலை கிருஷ்ணனுக்குக் கண் திறக்க வேண்டும். கண்ணைக் கடைசியில் எழுதுவதுதான் வழக்கம். தேங்காயும் தாம்பாளமுமாக ஊரே காத்திருந்தது. மேஸ்திரி பையைத் துழாவினார். யாரையும் கேட்கவில்லை, என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு நண்டுக்கூடையிலிருந்து மூங்கில் சிம்பை உருவி, நூல் சுற்றி, அதைக்கொண்டே எழுதினார். பழகாத கோல். இடது கண் தடித்து, பார்வை ஆற்றுப் பக்கம் சாய்ந்துவிட்டது. அவர் முகம் சுண்டிப்போனது.

"கண்ணன் நம்ம மடவயப் பாக்குறாருப்பா!" என்று மாமா சொல்ல, ஊர் அதையே பிடித்துக்கொண்டது. இன்றும் பேரப்பிள்ளைகளுக்கு அப்படித்தான் காட்டுகிறோம். அவர்கள் கைதட்டும்போது எனக்கும் சந்தோஷமாகவே இருக்கிறது, அந்தக் கண்ணை நேராகப் பார்க்காதவரை.

புளியங்கரிக் கோடு துண்டால் ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும். அன்று அது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். தெரிந்தும் தட்டிவிடவில்லை, மையால் எழுதினார்.